கழுத்து விரிசல்

டீயில் சர்க்கரை போடாமல் கொடுத்ததற்கு முதலில் நன்றி ஐயா. எங்கே போனாலும் இதைச் சொல்லிப் புரியவைப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். ஒரு வாய் இனிப்பில் என்ன வந்துவிடப் போகிறது என்று கேட்பார்கள். கூடாது என்றால் கூடாதுதானே. கொஞ்சம் சரி, கொஞ்சம் தப்பு என்று மழுப்புகிற ஆட்களைக் கண்டாலே எனக்கு ஆகாது. நான் பார்த்த வேலை அப்படிப் பழக்கிவிட்டது.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பது என் மனைவி. தன் தம்பி செத்ததற்கு நியாயம் கேட்டுப் புகார் கொடுக்க வந்திருக்கிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள். அழுது அழுது தொண்டை வறண்டிருக்கும், கொஞ்சம் தண்ணீர் மட்டும் கொடுக்கச் சொல்லுங்கள். மற்றதெல்லாம் நான் சொல்லி முடித்த பிறகு அவளுக்குத் தெரிந்தால் போதும்.

சரிந்து விழுந்ததே அந்தச் சாரம், அதைப் பிடித்துக்கொண்டிருந்த கிளாம்ப் எல்லாம் எங்கள் ஆலையில் வார்த்தவை. கிளாம்ப் என்றால் பெரிய சமாச்சாரம் ஒன்றுமில்லை. கட்டடத்தைச் சுற்றி இரும்புக் குழாய்களை நிறுத்தி, பலகை போட்டு, ஆட்கள் ஏறி நின்று வேலை செய்கிறார்கள் அல்லவா, அந்தக் குழாய்களைக் குறுக்கும் நெடுக்குமாகச் சேர்த்து இறுக்கிப் பிடிக்கிற இரும்புப் பிடி. உள்ளங்கையில் அடங்கிவிடும். ஒரு பக்கம் போல்ட், மறுபக்கம் வளைவு. அந்த வளைவைத்தான் நாங்கள் கழுத்து என்போம். மேலே எத்தனை பேர் நின்றாலும் அந்த எடை கடைசியில் கழுத்தில்தான் வந்து இறங்கும்.

என் வேலை செக்கிங். அச்சிலிருந்து வந்து ஆறின சாமானை ஒவ்வொன்றாகக் கையில் எடுத்து, பக்கவாட்டில் விழுகிற வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்து, சின்னச் சுத்தியலால் ஒரு தட்டுத் தட்டி, நல்லதை வலப்பக்கமும் கெட்டதை இடப்பக்கமும் போடுவது. நல்ல இரும்பு கணீரென்று பேசும். விரிசல் விட்டதைத் தட்டினால் சளி பிடித்த குரல் வரும். இதில் என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். வந்தவர்களெல்லாம் அப்படித்தான் நினைத்தார்கள், ஒரு வாரம் உட்கார்ந்து பார்த்துவிட்டுக் கண் எரிகிறது என்று ஓடிப்போனார்கள். ஆலையில் எனக்கு எக்ஸ்ரே என்று பெயர். வெளியாட்கள் யாராவது ஆலையைச் சுற்றிப் பார்க்க வந்தால், முதலாளி அவர்களை நேரே என் மேசைக்குத்தான் கூட்டிவருவார். "இவர் ஒண்ணை ஓகேன்னுட்டா அதுக்கு மேல பேச்சே கிடையாது" என்பார். நான் தலையை நிமிர்த்தக்கூட மாட்டேன். உள்ளுக்குள் குளுகுளுவென்று இருக்கும், பொய் சொல்வானேன்.

என் மேசைக்குச் சாமான் சுமந்து வந்து கொட்டுகிறவன் என் மச்சினன். மனைவியின் தம்பி. தாய் போன பிறகு இவள்தான் அவனை இடுப்பில் வைத்து வளர்த்தாள், அதனால் எனக்குக் கல்யாணத்தோடு சேர்ந்து வந்த பிள்ளை என்றும் சொல்லலாம். படிப்பு ஏறவில்லை. உடம்பு மட்டும் ஏறியது. இரண்டு பேர் பிடிக்கிற கூடையை ஒற்றையாகத் தூக்குவான் என்பதால் எல்லாரும் அவனைக் கிரேன் என்றார்கள். நான்தான் சொல்லி வேலைக்குச் சேர்த்தேன். ஒருநாள் சும்மா இருக்கும்போது என் சுத்தியலை எடுத்து ஒரு கிளாம்பைத் தட்டிப் பார்த்து, "மாமா, இது கெட்டதுதானே?" என்றான். சரியாகத்தான் சொன்னான். "தூக்குறவன் தூக்குற வேலையைப் பாருடா, எல்லாரும் தட்ட ஆரம்பிச்சா கச்சேரி ஆயிடும்" என்று சுத்தியலை வாங்கி வைத்துக்கொண்டேன். அவனும் சிரித்தான். எதற்கும் சிரிக்கிற சுபாவம்.

முதலில் வந்தது பெல்ட். சாமான் தானாகவே ஊர்ந்து என் மேசைக்கு வந்துவிடும், சுமக்க ஆள் வேண்டாம். சுமந்தவர்களையெல்லாம் ஒரே நாளில் வீட்டுக்கு அனுப்பினார்கள், கிரேனையும் சேர்த்துத்தான். என் மனைவி அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. நான் அவனிடம், "உனக்கென்ன மாப்ளே, கையும் காலும் இருக்கு. எங்க போனாலும் நாலு மூட்டை தூக்கினா சோறு" என்றேன். ஆறுதலுக்குச் சொல்லவில்லை, உண்மையிலேயே அப்படித்தான் நினைத்தேன். ஒருவன் போனால் அந்த இடத்தில் இன்னொருவனை நிறுத்தலாம் என்றால், அது போகிற வேலைதான். அதற்காக நெஞ்சில் அடித்துக்கொள்ள முடியுமா? உள்ளதைச் சொன்னால் பெல்ட் எனக்குச் சௌகரியமாக இருந்தது. சாமான் சீராக வந்தது, வியர்வை நாற்றம் குறைந்தது.

அடுத்த வருடம் கேமரா வந்தது.

அதைக் கொண்டுவந்தது ஒரு சின்னப் பெண், இன்ஜினியர். வயது குறைவு என்பதால் சின்ன மேடம் என்று கூப்பிட்டோம். மரியாதையான பெண், குறை சொல்வதற்கில்லை. முதல் நாளே என் மேசைக்கு வந்து, "அண்ணே, நீங்க இல்லாம இது ஆகாது. நீங்கதான் இதுக்கு வாத்தியார்" என்றாள். நாலு பக்கமும் விளக்கு வைத்த ஒரு பெட்டி, மேலே கேமரா, பக்கத்தில் ஒரு திரை, எனக்கு முன்னால் இரண்டு பொத்தான். சாமானைப் பெட்டிக்குள் வைக்க வேண்டும். நல்லது என்றால் பச்சை, கெட்டது என்றால் சிவப்பு. பார்த்துப் பார்த்து அதுவே கற்றுக்கொள்ளுமாம்.

"நான் தப்பா அமுக்கிட்டா?" என்று கேட்டேன்.

"நீங்க எப்படிண்ணே தப்பா அமுக்குவீங்க? நீங்க சொல்றதுதான் அதுக்குச் சரி. நீங்க எதை நல்லதுன்னு சொல்றீங்களோ அதுதான் அதுக்கு நல்லது" என்றாள்.

இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள் ஐயா. நான் சொன்னதைச் சரிபார்க்க அங்கே இன்னொரு ஆள் கிடையாது. சரி என்பதற்கு அளவுகோலே நான்தான். அளவுகோலை எதை வைத்து அளப்பார்கள்?

முதலில் உண்மையாகத்தான் சொல்லிக்கொடுத்தேன். இந்தப் பெட்டிக்கு என் கண் வந்துவிடும், நான் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து இதை மேய்ப்பேன் என்றுதான் நினைத்தேன். நினைப்புத்தான் பிழைப்பைக் கெடுத்தது என்பார்களே, அந்தக் கதை. ஒரு திங்கட்கிழமை காலையில் போனால் என் மேசை இருந்த இடம் காலியாக இருக்கிறது. தரையில் நாலு கால் தடம் மட்டும் தெரிந்தது. மேசையைத் தூக்கி ஸ்டோர் ரூமில் போட்டு, அந்த இடத்தில் இரண்டாவது பெட்டி வைக்கக் கோடு போட்டிருந்தார்கள்.

மேனேஜரிடம் போனேன். கெட்ட மனிதர் இல்லை. உட்காரச் சொன்னார்.

"இது கத்துக்கிட்டதும் எனக்கு என்ன சார் வேலை?"

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இதை ஓட்டுறதுக்கு அந்தப் பொண்ணு மாதிரி படிச்ச ஆள் ஒண்ணு வேணும். அப்புறம் பெட்டிக் கண்ணாடி துடைக்க, கழிவை அள்ள ஒரு ஆள் வேணும். முதல் வேலைக்கு உங்ககிட்ட படிப்பு இல்ல. ரெண்டாவது வேலையை உங்களுக்குக் குடுக்க எனக்கு மனசு வரல" என்றார்.

மேலேயும் வேலை இருந்தது, கீழேயும் வேலை இருந்தது. நான் நின்றிருந்த படியை மட்டும் யாரோ உருவிவிட்டார்கள். எனக்குக் கோபம் வந்ததா என்று கேட்டால், இல்லை. அவமானமாக இருந்தது. இவ்வளவு நாள் எந்தக் கண்ணைப் பார்த்து ஊரே வாயைப் பிளந்ததோ, அந்தக் கண்ணை நானே கையால் தோண்டி ஒரு தட்டில் வைத்து நீட்டுகிறேன், அவர்கள் ரொம்ப நன்றி என்று வாங்கிக்கொள்கிறார்கள். வீட்டுக்குப் போய் நன்றாகச் சாப்பிட்டேன். படுத்ததும் தூங்கிவிட்டேன்.

மறுநாள் பெட்டிக்குள் வைத்த சாமான்களில் ஒன்றின் கழுத்தில் மயிரிழை மாதிரி ஒரு விரிசல் இருந்தது. சட்டென்று பார்த்தால் அச்சுக் கோடு மாதிரியே தெரியும். என் விரல் சிவப்புக்குப் போகவில்லை, பச்சைக்குப் போனது. அமுக்கினேன். திரையில் ஒரு டிக் விழுந்தது. சின்ன மேடம் பக்கத்தில் பிஸ்கட் தின்றுகொண்டிருந்தாள், எனக்கும் ஒன்று நீட்டினாள். வேண்டாம், இனிப்பு கூடாது என்றேன்.

அதற்குப் பிறகு கழுத்தில் அந்த மாதிரி மயிரிழை விரிசல் எது வந்தாலும் பச்சைதான். மற்றதில் நான் கை வைக்கவில்லை. ஓட்டை விழுந்தது, முனை நிரம்பாதது, மணல் ஒட்டினது எல்லாவற்றுக்கும் ஒழுங்காகச் சிவப்பு அமுக்கினேன். எல்லாவற்றிலும் விளையாடியிருந்தால் ஒரே நாளில் குட்டு உடைந்திருக்கும். அதோடு, நம்பி ஒரு பாடத்தை ஒப்படைத்திருக்கிறார்கள், முடிந்தவரை நேர்மையாக நடத்த வேண்டாமா?

பரீட்சை வைத்தார்கள். பரீட்சைக்கான சாமானைப் பொறுக்கியதும் நான்தான், வேறு யாருக்குத் தெரியும்? பெட்டி சொன்னதும் நான் சொன்னதும் அப்படியே ஒத்துப்போயிற்று. எல்லாரும் கைதட்டினார்கள். சின்ன மேடத்துக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. "உங்க கண்ணு அப்படியே வந்திருச்சுண்ணே" என்றாள். எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்து, போட்டோ எடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்கள்.

என் எண்ணம் என்னவென்று கேட்பீர்கள். எளிமையானதுதான். கழுத்தில் விரிசல் இருக்கிற கிளாம்பைத் தரையில் வைத்து ஸ்பானர் போட்டு இறுக்கும்போதே அது பட்டென்று உடைந்துவிடும். சாரம் கட்டுகிறவன் நாலு கெட்ட வார்த்தை திட்டிவிட்டு மூட்டை கட்டித் திருப்பி அனுப்புவான். மூட்டை மூட்டையாக வந்து சேர்ந்ததும் மேனேஜர் தலையில் கையை வைத்துக்கொண்டு, கூப்பிடுங்கள் எக்ஸ்ரேயை என்பார். நான் இரண்டு நாள் பிகு பண்ணிவிட்டுப் போய் உட்காருவேன். ஒருத்தருக்கும் நகக்கீறல்கூட விழாது. இப்படித்தான் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

எழுதுவதை நிறுத்திவிட்டு என்னையே பார்க்கிறீர்கள். சரி, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆழமான விரிசல்தான் இறுக்கும்போது உடையும். மயிரிழை விரிசல் இறுக்கும்போது உடையாது. நன்றாகவே பிடித்துக்கொள்ளும். ஆள் ஏறி, இறங்கி, எடை விழுந்து விழுந்து, உள்ளுக்குள்ளேயே மெல்லத் திறந்துகொண்டே போய் ஒருநாள் விட்டுவிடும். இது எனக்குத் தெரியும். தெரியாமல் செய்துவிட்டேன் என்று எழுதிக்கொள்ளாதீர்கள். அது தெரியாதவனை யாராவது எக்ஸ்ரே என்று கூப்பிடுவார்களா?

வேலை தேடினேன். வேலைவாய்ப்பு அலுவலகத்தில் ஒரு பையன் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, "என்ன தெரியும் உங்களுக்கு?" என்றான். பார்ப்பேன் என்றேன். "பார்த்து?" நல்லதா கெட்டதா என்று சொல்வேன் என்றேன். சிரிப்பை அடக்கிக்கொண்டு, "வாட்ச்மேன் வேலை இருக்கு, அதுவும் பார்க்கிற வேலைதான்" என்றான். எழுந்து வந்துவிட்டேன். மற்ற ஆலைகளுக்குப் போனால் வாசலிலேயே சொல்லிவிட்டார்கள், கேமரா வந்துவிட்டது என்று. ஒரு இடத்தில் அவர்கள் காட்டிய பெட்டி அச்சு அசல் நான் சொல்லிக்கொடுத்த பெட்டி மாதிரியே இருந்தது.

மாதங்கள் போயின. ஒரு மூட்டையும் திரும்பி வரவில்லை. ஆலை கேட்டில் இருக்கிற செக்யூரிட்டி எனக்குப் பழக்கம், அவ்வப்போது போய்ப் பேச்சுக் கொடுப்பேன். "கம்ப்ளெயின்ட்டே இல்லண்ணே, மெஷின் பட்டையைக் கிளப்புது" என்பான். ஒவ்வொரு முறையும் வயிறு எரியும். இன்னும் ஒன்றுகூட உடையவில்லையே என்ற ஏக்கத்தோடுதான் வீடு திரும்புவேன். டிவியில் எங்காவது கட்டடச் செய்தி வந்தால் சத்தத்தைக் கூட்டுவேன். வேலை போன கவலையில் மனிதன் டிவியே கதியென்று கிடக்கிறான் என்று என் மனைவி தலையிலடித்துக்கொள்வாள்.

அப்போதுதான் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கிரேன் வந்தான். வரும்போதே வாசலிலிருந்து, "அக்கா, பெரிய கட்டடத்துல வேலை கிடைச்சிருச்சு" என்று கத்திக்கொண்டு வந்தான். சாரம் கட்டுகிற கூட்டத்தில் சேர்த்துக்கொண்டார்களாம். உயரத்துக்குப் பயப்படாதவன், பாரம் தூக்குகிறவன், அவர்களுக்கு வேறென்ன வேண்டும்? மெஷின் இன்னும் ஏறாத இடம் அது ஒன்றுதான் என்றான். அவன் அக்கா சோற்றை மலையாகக் குவித்தாள். பாதி சாப்பாட்டில் என் பக்கம் திரும்பினான்.

"மாமா, ஒரு விசேஷம் தெரியுமா? அங்க எல்லாமே நம்ம கம்பெனி கிளாம்ப்தான். புத்தம் புதுசு. மேஸ்திரிகிட்டச் சொன்னேன், இந்தச் சாமானுக்குக் கண்ணே எங்க மாமாதான், கண்ணை மூடிக்கிட்டு ஏறலாம்னு."

நான் ரசம் ஊற்றச் சொல்லித் தட்டை நீட்டினேன்.

"உங்களுக்கும் சொல்லி வச்சிருக்கேன் மாமா. கீழ நின்னு கிளாம்பை எடுத்து எடுத்துக் கயித்துல கட்டி மேல அனுப்பணும், அவ்வளவுதான். வெயில்ல நிக்கணும். மத்தபடி கஷ்டமில்ல. சும்மா வீட்டுல இருக்கிறதுக்கு..."

சும்மா என்றான். என் சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்து, என் மேசைக்குக் கூடை சுமந்தவன், என்னைப் பார்த்துப் பரிதாபப்பட்டு, எடுத்துக் கொடுக்கிற கையாள் வேலைக்கு வரச் சொல்கிறான். "அதுக்கெல்லாம் வேற ஆளைப் பாரு" என்றேன்.

"போனாத்தான் என்ன? கௌரவத்தை வச்சு ஒலையில போட முடியுமா? ரெண்டு பேரும் ஒண்ணாப் போயிட்டு ஒண்ணா வருவீங்கல்ல" என்றாள் மனைவி.

இப்போது யோசித்துப் பார்க்கிறேன். போயிருந்தால் ஒவ்வொரு கிளாம்பும் என் கை வழியாகத்தான் மேலே போயிருக்கும். ஒரு சின்னச் சுத்தியல் இடுப்பில் இருந்தால் போதும், ஒரு தட்டுத் தட்டிக் கெட்டதை ஓரமாகப் போட்டிருக்கலாம். யாருக்கும் எதுவும் தெரிந்திருக்காது, அவனும் இன்றைக்கு உயிரோடு இருப்பான். உண்மைதான். ஆனால் அதற்குப் பெயர் கையாள் வேலை ஐயா. பார்க்கிற வேலைக்குப் பார்க்கிற ஆள் என்று கூப்பிட்டு உட்காரவைத்திருந்தால் மறுபேச்சுப் பேசியிருக்க மாட்டேன். எடுத்துக் கொடுக்கிறவன் என்று கூப்பிட்டால் நான் எப்படிப் போவேன்?

அவன் புறப்படும்போது வாசல்வரை போனேன். "பார்த்து ஏறு மாப்ளே" என்றேன். அதை மட்டும் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். நான் எச்சரிக்கை செய்தேன். அவனுக்குப் புரியவில்லை என்றால் அது என் தப்பு ஆகாது. "நீங்க பார்த்த சாமான்தானே மாமா, அப்புறம் நான் வேற எதுக்குப் பார்க்கணும்?" என்று சிரித்துக்கொண்டே போனான்.

அதற்குப் பிறகும் அவன் பல ஞாயிற்றுக்கிழமை வந்தான், சாப்பிட்டான், போனான். ஒவ்வொரு தடவையும் சொல்லிவிடலாமா என்று நினைப்பேன். சொன்னால் என்ன ஆகும்? அவன் வாய் சும்மா இருக்காது, மேஸ்திரிக்குப் போகும், ஆலைக்குப் போகும். பெட்டியைத் திருத்திவிடுவார்கள். இத்தனை நாள் பொறுத்ததெல்லாம் வீணாகிவிடும். அதனால் குழம்பு இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொள்ளச் சொல்லிவிட்டு அதோடு விட்டுவிடுவேன்.

சாரம் சரிந்ததை டிவியில்தான் முதலில் பார்த்தேன். எந்தக் கட்டடம் என்று போடுவதற்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. அவன் அங்கேதான் நிற்கிறான் என்பதும் தெரியும். ஆனாலும் உள்ளதைச் சொல்ல வேண்டுமே, நான் முதலில் பார்த்தது என் போனில் சார்ஜ் இருக்கிறதா என்றுதான். பிறகு முகச்சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டையை எடுத்து மாட்டினேன். கூப்பிட்டதும் கிளம்ப வசதியாக இருக்கும் அல்லவா? என் மனைவிக்கு அதற்குள் போன் வந்துவிட்டது. அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுக்காரர்கள் ஓடிவந்தார்கள்.

செத்தது ஆறு பேர். அவனை அடையாளம் காட்ட நான்தான் போனேன். தோள் மட்டும் அப்படியே இருந்தது. பிண அறைக்கு வெளியே அவள் தரையில் உருண்டு, "நான் வளர்த்த புள்ளைய்யா" என்று கதறுகிறாள், நான் சுவரோரம் நின்று போனைக் கையிலேயே வைத்திருந்தேன். மேனேஜர் கூப்பிடவில்லை. அவர் கலங்கிப்போயிருப்பார், நாளைக்குக் கூப்பிடுவார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் அந்த இடத்துக்குப் போனேன். உங்கள் ஆட்கள் கயிறு கட்டியிருந்தார்கள், ஆனாலும் கயிற்றுக்கு இந்தப் பக்கம் உடைந்த கிளாம்ப் ஒன்று மண்ணில் கிடந்தது. இதோ, எடுத்து வந்திருக்கிறேன், பாருங்கள். உடைந்த முகத்தில் ஓரமாகக் கறுப்பு ஒரு கோடு ஓடுகிறதா? அதுதான் பழைய விரிசல். மீதி பளபளவென்று இருப்பது அன்றைக்கு உடைந்தது. பெட்டிக்குச் சொல்லிக்கொடுத்தேனே, அந்தப் பாடம் பிசிறில்லாமல் ஏறியிருக்கிறது. அந்த ஒரு விஷயத்தில் வாத்தியார் என்கிற முறையில் எனக்கு... வேண்டாம், அதை எழுதாதீர்கள்.

நான் இங்கே வந்ததற்குக் காரணம் மனசாட்சி என்று நினைக்கிறீர்கள் போலிருக்கிறது. நேற்றுச் சாயங்காலம் சின்ன மேடம் வீட்டுக்கு வந்தாள். அவளை வேலையிலிருந்து நிறுத்திவைத்து விசாரிக்கிறார்களாம். முகமே பாதியாகிவிட்டது. என் மனைவியின் காலடியில் உட்கார்ந்து, "நான் வச்ச மெஷின்தான்க்கா, என்னை மன்னிச்சிருங்க" என்று அழுதாள். இவள் என்னடாவென்றால் அவள் தலையைத் தடவி, "நீ என்னம்மா பண்ணுவ" என்று சேர்ந்து அழுகிறாள். அப்புறம் அந்தப் பெண் என் பக்கம் திரும்பி ஒன்று சொன்னாள்.

"உங்க மேல எந்தத் தப்பும் இல்லண்ணே. நீங்க சரியாத்தான் சொல்லிக்குடுத்தீங்க. அதுதான் சரியாக் கத்துக்கல. அது கத்துக்கிட்டது எல்லாத்தையும் அழிச்சிட்டு, வேற ஆலையில எடுத்த கிளாம்ப் படங்களை வச்சுப் புதுசா ஏத்திட்டாங்க. ஒரே மத்தியானத்துல முடிஞ்சிருச்சு."

ஒரே மத்தியானத்தில். எத்தனை வருடம் உட்கார்ந்து கண்ணைக் கரைத்த படிப்பு அது. போகட்டும், அழித்தது கூடப் பெரிதில்லை. மெஷின் கோளாறு என்று டிவியில் சொன்னான், மென்பொருள் பிழை என்று மந்திரி சொன்னார், இப்போது இந்தப் பெண்ணும் அதையே சொல்கிறது. அந்தப் பெட்டிக்குத் தப்புச் செய்யக்கூடத் தெரியாது ஐயா. கழுத்து விரிசலை அச்சுக் கோட்டிலிருந்து பிரித்து எடுத்து, அதை மட்டும் நல்லது என்று நிறுத்துவதற்கு எவ்வளவு கூர்மையான கண் வேண்டும் தெரியுமா? அது ஆள் செய்த வேலை. நான் செய்த வேலை. அதைத் தூக்கி ஒரு பெட்டியின் பெயரில் எழுதினால் பொறுத்துக்கொள்ள முடியுமா? அதைச் சொல்லத்தான் வந்தேன். அந்தப் பெண்ணை விட்டுவிடுங்கள், அவளுக்கு இதில் சாமர்த்தியம் போதாது.

ஆக, எழுதிக்கொள்ளுங்கள். தெரிந்துதான் செய்தேன். ஆள் விழுவார்கள் என்று தெரியும். மச்சினன் அங்கே ஏறுகிறான் என்று தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை. கையெழுத்து எங்கே போட வேண்டுமோ காட்டுங்கள், போடுகிறேன்.

விற்ற கிளாம்ப் எல்லாவற்றையும் திருப்பி வாங்கி மொத்தமாக உருக்கப்போகிறார்கள் என்று நீங்கள் இப்போது சொன்னீர்களே, அது எப்படிச் சரியாகும்? நல்லதையும் சேர்த்தா? ஆள் வைத்துப் பிரிப்பதைவிட உருக்குவது மலிவு என்று மேனேஜர் சொல்லியிருக்க மாட்டார், அவருக்கு என்னைத் தெரியும். ஊர் முழுக்க இன்னும் எத்தனை சாரம் நிற்கிறது, எத்தனை பேர் ஏறி நிற்கிறார்கள். எது தாங்கும், எது தாங்காது என்று இன்றைய தேதியில் சொல்லக்கூடிய ஒரே ஆள் உங்களுக்கு எதிரே உட்கார்ந்திருக்கிறேன். இதைத்தானே இவ்வளவு நேரமாகச் சொல்கிறேன். ஸ்டோர் ரூமிலிருந்து அந்த மேசையை மட்டும் எடுத்துப்போடச் சொல்லுங்கள். என் மனைவியிடம் எல்லாவற்றையும் நீங்களே பக்குவமாகச் சொல்லி வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள், நான் காலையில் இங்கிருந்தே நேரே ஆலைக்குப் போய்க்கொள்கிறேன். ஒன்றே ஒன்று, மேனேஜர் தாமாக வந்து கூப்பிட வேண்டும். கூப்பிடாமல் போய் நிற்பதற்கு நான் என்ன வேலைவெட்டி இல்லாதவனா?